வெறுங்காலுக்குப் பதில் ஒரு வலை

மொரீஷியஸில் எனக்குக் கிடைத்த முதல் வேலை கொசுவை அறுத்துப் பார்ப்பது. சென்னையில் விலங்கியல் படித்துவிட்டு, கல்யாணம் முடிந்த கையோடு, தமிழ் வாத்தியார் வேலை கிடைத்த கணவருடன் கப்பலேறி வந்தவள் நான். இரண்டாம் உலகப் போர் முடிந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. தீவில் மலேரியா எட்டிப் பார்க்காத வீடு அபூர்வம். அரசாங்கம் ஊர் ஊராக ஆட்களை அனுப்பி வீட்டுச் சுவர்களில் மருந்து அடித்துக்கொண்டிருந்தது. தலைநகர் போர்ட் லூயியில் இருந்த ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப் பார்க்கத் தெரிந்த ஆள் தேவை என்று பள்ளியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கணவர் அன்று வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"தவளை, கரப்பான் எல்லாம் அறுத்தவதானே நீ? கொசுவை அறுக்க முடியாதா?"

"அதுல அறுக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றேன்.

இருந்தது. காலையில் நான் போய்ச் சேரும்போது மேஜைமேல் கண்ணாடிக் குழாய்கள் காத்திருக்கும். குழாய்க்கு ஒரு கொசு, வாயில் பஞ்சு. கொசுவை மயக்கி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீரில் கிடத்தி, இரண்டு ஊசிகளால் தலையை மெதுவாக இழுத்தால் கூடவே உமிழ்நீர்ச் சுரப்பி வரும். மலேரியாக் கிருமி மனிதனுக்குள் போகும் வழி அதுதான். அதில் கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் வாரம் முழுக்க நான் கசக்கித்தான் போட்டேன். எங்கள் டாக்டர், ஓர் ஆங்கிலேயர், ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தானும் ஒரு கொசுவைக் கசக்கிவிட்டு, "எனக்கும் இன்று கை சரியில்லை" என்பார். வேண்டுமென்றே கசக்கினார் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

கொசுக்களைக் கொண்டுவருபவர் போர்ட் லூயியை ஒட்டிய ரோஷ் புவாவில் குடியிருந்த ஒரு தமிழர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கோயில் பாட்டுகள் அத்தனையும் மனப்பாடம். ஆனால் பேச்சு முழுக்கக் கிரியோல். நடுநடுவே அண்ணன், அக்கா, சாமி, சோறு என்று தமிழ் எட்டிப் பார்க்கும். அவருக்கும் அவர் வீட்டாருக்கும் நான் இங்கே எழுதும் பேச்செல்லாம் எனக்குப் புரிந்த அளவில் தமிழாக்கியது.

அவர் வேலை இதுதான். பொழுது சாய்ந்ததும், துறைமுகத்தை ஒட்டிய சதுப்புநிலத்து ஓரத்தில் முக்காலி போட்டு, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கொசு காலில் வந்து உட்கார்ந்ததும், கடிப்பதற்குள் குழாயைக் கவிழ்க்க வேண்டும். அப்படித்தான் விதி. இருட்டில் மங்கலான கைவிளக்கை வைத்துக்கொண்டு இரண்டு கால்களையும் காவல் காக்கிறவரால் விதிப்படி எவ்வளவு பிடிக்க முடியும்? பாதிக் கொசுக்கள் சிவந்த வயிற்றோடுதான் என்னிடம் வந்தன.

ஒருநாள் அப்படி ஒன்றைத் தகட்டில் வைத்தபோது அவர் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மோ திசான்" என்றார் சிரித்துக்கொண்டே. என் ரத்தம் என்று அர்த்தம். தன் வீட்டு மாமரத்துப் பழத்தை அடையாளம் காட்டுகிற மாதிரி சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரை அது வெறும் சிவப்பு. அன்றிலிருந்து, காலையில் "போன்சூர், மதாம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிற ஒரு மனிதருடைய ரத்தம். நுண்ணோக்கியில் கண்ணை வைக்கும்போதெல்லாம் அவர் கால்கள் ஞாபகத்துக்கு வந்தன. கணுக்காலிலிருந்து முழங்கால்வரை கருத்த புள்ளிகள், சொறிந்து ஆறிய வடுக்கள்.

"பயமா இல்லையா அண்ணே?" என்று கேட்டேன்.

"பா பேர், மதாம். பயமில்ல. மாத்திரை தர்றாங்க இல்ல."

தந்தார்கள். மஞ்சள் நிற மாத்திரை, நாக்கில் பட்டால் அரைநாள் கசக்கும். கொசு பிடிப்பவர்கள் எல்லோரும் விடாமல் சாப்பிட வேண்டும் என்பதில் டாக்டர் கண்டிப்பாக இருந்தார்.

கோடை முடியும் சமயத்தில் ஒரு காலை, ரத்தம் குடித்த கொசு ஒன்றின் சுரப்பியை நசுக்கிப் பார்த்தேன். தகடு முழுவதும் மெல்லிய வளைந்த இழைகள், நகத்தை வெட்டிய துணுக்குகள் போல. பாடத்தில் படம் பார்த்திருக்கிறேன். நேரில் அவ்வளவு நெருக்கமாக அன்றுதான் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் ஒரு கணம் வந்தது. அடுத்த கணமே அந்தக் கொசுவின் வயிற்றைப் பார்த்தேன். அதில் இருந்தது அவர் ரத்தம். அவர் வெளியே படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "மாத்திரை சாப்பிடுகிறார். பயமில்லை. ஆனாலும் கவனமாக இருப்போம்" என்றார். அண்ணனைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னார். அவர் தலையாட்டினார். டாக்டரின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் தலையாட்டினார் என்பது எனக்கு என்னவோ போல் இருந்தது.

அதன்பின் பல நாட்கள் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மூச்சு சீராகத் தொடங்கிய சமயத்தில், ஒரு காலை வேறொருவர் குழாய்களைக் கொண்டுவந்தார்.

"லாஃபியேவ்" என்றார். காய்ச்சல்.

அன்று மத்தியானமே கணவரைப் பள்ளியிலிருந்து வரச்சொல்லி, இரண்டு பேருமாக ரோஷ் புவாவுக்குப் போனோம். தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு. பின்னால் மாட்டுக்கொட்டில். அவர் கட்டிலில், கிடைத்த போர்வையெல்லாம் போர்த்தியும் பல் கிட்டிக் கிடந்தார். எங்களைத் தெரியவில்லை. ஏதோ கோயில் பாட்டின் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப முனகினார். கட்டில் ஓரத்தில் நாலைந்து வயதுப் பெண்குழந்தை நின்றது. அதன் உள்ளங்கை இரண்டும் மஞ்சள் பூசியது போல் இருந்தன.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் தோல் மஞ்சளாகும். அவர் தோல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"மாத்திரையைக் குழந்தைக்கா குடுத்தார்?" என்று அவர் மனைவியிடம் கேட்டேன்.

அவள் என் வயதுக்காரி. அழுது ஓய்ந்த முகம். "போன வருஷம் இவளுக்கு வந்துச்சு. வயிறு கல்லு மாதிரி. செத்துடுவான்னாங்க. அவர் மாத்திரையை உடைச்சு உடைச்சு குடுத்தார். எனக்குத் தெரியும். நான் வேணாம்னு சொல்லல." பிறகு திடீரென்று குரல் உயர்ந்தது. "குழந்தை வச்சிருக்கவ யாரு வேணாம்னு சொல்லுவா, மதாம்? நீங்க சொல்லுவீங்களா?"

சொல்லமாட்டேன் என்றேன்.

என் கணவர் ஓடிப்போய் டாக்டரிடம் சொல்ல, அவர் தன் காரையே எடுத்துக்கொண்டு வந்தார். அண்ணனைப் போர்வையோடு தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரியில் சில நாட்கள் எங்கள் எல்லோருக்கும் மோசமான நாட்கள். சிறுநீர் கருத்தது, டாக்டரின் முகமும் கருத்தது. நான் வேலைக்குப் போவேன், ஊசியை எடுப்பேன், வைத்துவிடுவேன். பிறகு ஒரு சாயங்காலம் அண்ணன் கண் திறந்து, மனைவியிடம், மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயா என்று கேட்டாராம். அவள் அதை எங்களிடம் சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை.

குழந்தைக்குத் தனியாக மருந்து கொடுக்க டாக்டர் அன்றே ஏற்பாடு செய்தார். யாரையும் அவர் குறை சொல்லவில்லை. அந்த வாரம் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எப்போதும்போலத் தணிந்த குரலில், "நமக்குக் கொசு வேண்டும். அதைப் பிடிக்க மனிதனின் கால் வேண்டாம். எப்படிச் செய்வது, சொல்லுங்கள்" என்றார். வெறுங்காலில் பிடிப்பதை நிறுத்தியும்விட்டார். மேலிடத்தில் அதற்காக அவர் என்னென்ன பதில் சொல்ல வேண்டியிருந்ததோ, எங்களிடம் சொல்லவில்லை.

முதலில் விளக்கை வைத்துப் பார்த்தோம். தகரப் பீப்பாயின் வாயில் ஒரு புனல், உள்ளே லாந்தர். காலையில் திறந்தால் விட்டில், வண்டு, ஈசல், ஒரு பல்லி. நாங்கள் தேடிய கொசு விளக்கைச் சட்டை செய்யவே இல்லை.

அடுத்தது மாடு. சுவர்களில் மருந்து அடித்த பிறகு வீட்டுக்குள் வாழும் கொசு அழிந்துகொண்டிருந்தது. மிஞ்சியது வெளியே திரியும் இனம். அதற்கு மனித ரத்தமும் சரி, மாட்டு ரத்தமும் சரி. மாட்டைச் சுற்றி வலைக் கூடாரம் கட்டி, அடியில் மட்டும் இடைவெளி விட்டால், தாழப் பறந்து வரும் கொசு உள்ளே நுழையும். குடித்த பிறகு மேலே எழும்பி வலையில் உட்காரும். காலையில் போய் எடுத்துக்கொள்ளலாம். நல்ல யோசனை. மாடு வேண்டுமே.

தேறி வீடு திரும்பியிருந்த அண்ணனே, தங்கள் மாடு இருக்கிறதே என்றார். அவர் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"என் புருஷன் ரத்தம் குடிச்சது போதாதா? இப்ப என் மாடா?"

என்ன சொல்கிறாள் என்று டாக்டர் என்னைக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அவர் கேட்பது நியாயம்" என்றார். மாட்டுக்கு மலேரியா வராது என்பதையும், கொசு எப்படியும் கொட்டிலில் அதைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறது என்பதையும் நான் எனக்குத் தெரிந்த அரைகுறைக் கிரியோலில் விளக்கினேன். அவள் என் கிரியோலைக் கேட்டுத்தான் இளகினாள் என்று நினைக்கிறேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கோரெக், சரி. ஆனா கட்டறது நான்தான் கட்டுவேன்."

மாடு முதல் நாளே வலையின் ஒரு மூலையைத் தின்றுவிட்டது. இரண்டாம் முறை கூடாரத்தையே கொம்பில் மாட்டிக்கொண்டு, கல்யாணப்பெண் முக்காடு போட்டது போல் தெருவில் இறங்கி நடந்தது. ரோஷ் புவா முழுக்க வாசலுக்கு வந்து சிரித்தது. பிறகு அவள் மூங்கில் கம்புகளை அகல நட்டு, மாட்டின் வாய் எட்டாத தூரத்தில் வலையைக் கட்டச் சொன்னாள். கரும்புத் தோகையைக் குவித்து வைத்தாள். மாடு அசைபோட்டுக்கொண்டு நின்றது. விடிந்ததும் நான் போய்ப் பார்த்தால், வலையின் உட்புறம் கொசுக்கள் மிளகு தூவியது போல் உட்கார்ந்திருந்தன. அவளும் நானும் குழாய்களோடு உள்ளே புகுந்து, ஒருத்தி தலையில் ஒருத்தி இடித்துக்கொண்டு பிடித்தோம்.

ஆனால் டாக்டர் அன்று மத்தியானம் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். மாட்டிடம் வருகிற கொசு எல்லாம் மனிதனிடம் வருமென்று சொல்ல முடியாது. எது மனிதனைத் தேடி வருகிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது. அதற்கு மனிதனின் வாசனையும் மூச்சும் வேண்டும். மனிதன் இருக்க வேண்டும், கடி மட்டும் கூடாது.

அதை நினைத்துக்கொண்டே சில வாரங்கள் நடந்தேன். விடை எங்கள் படுக்கையறையில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கணவர் கொசுவலைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். நான் காபியோடு உள்ளே வந்தேன். வலைக்கு வெளியே, அவர் தலைக்கு நேராக, கொசுக்கள் வரிசையாக உட்கார்ந்து உள்ளே போக வழி பார்த்துக்கொண்டிருந்தன. காபியை வைத்துவிட்டு அவரை உலுக்கினேன்.

"அசையாதீங்க. அப்படியே படுத்திருங்க."

"என்ன, பாம்பா?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"இந்த வலைக்கு மேல இன்னொரு வலை போட்டா?"

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "நான் எழுந்துக்கலாமா, இல்ல ஆராய்ச்சி முடியணுமா?"

உள்ளே நன்றாக மூடிய சின்ன வலை, அதில் மனிதன் படுத்திருப்பான். வெளியே தரையிலிருந்து சற்றுத் தூக்கிக் கட்டிய பெரிய வலை. வாசனைக்கு வரும் கொசு பெரிய வலைக்குள் நுழையும், சின்ன வலைக்குள் போக முடியாது, இரண்டுக்கும் நடுவில் அகப்படும். திங்கட்கிழமை டாக்டரிடம் சொன்னேன். அவர் அலமாரியைத் துழாவி, ஒரு பழைய சஞ்சிகையை எடுத்து வந்து, கிட்டத்தட்ட இதே போன்ற வலையை வேறு தேசத்தில் யாரோ முயன்றிருக்கும் படத்தைக் காட்டினார். என் முகம் சுருங்கியிருக்க வேண்டும். "சந்தோஷப்படுங்கள். நீங்களும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். நம் ஊருக்கு எப்படித் தைப்பது என்பதை இனி நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்" என்றார்.

தைத்தது நானும் அண்ணன் மனைவியும். அவளிடம் ஒரு தையல் மிஷின் இருந்தது. குளிர்காலம் முழுவதும் ஞாயிறுதோறும் ரோஷ் புவாவில்தான் எனக்கு வேலை. நான் துணியைப் பிடிப்பேன், அவள் மிதிப்பாள். எனக்குக் கிரியோல் வந்தது அந்த மிஷின் சத்தத்துக்கு நடுவேதான். அவள் மகள் துணித்துண்டுகளை எடுத்துப் பொம்மைக்குப் புடவை கட்டுவாள். குழந்தையின் உள்ளங்கைகள் அதற்குள் பழைய நிறத்துக்குத் திரும்பியிருந்தன.

முதல் முறை வலைக்குள் படுத்த அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது. "வெள்ளைத் துணிக்குள்ள மல்லாக்கப் படுத்திருக்கேன். பக்கத்து வீட்டுக் கிழவி அழ ஆரம்பிச்சுட்டா." அடுத்த முறை வலையில் நீலச் சாயம் தோய்த்தோம். தூங்குவதற்கு அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஒரே மனிதர் என்று தெருவில் கேலி செய்தார்கள். அவர் மனைவி அதற்குப் பதில் வைத்திருந்தாள்: "வீட்டில சும்மாவே தூங்குறாரு, இதுக்காவது சம்பளம் வருது."

வெயில் காலம் திரும்பியது. வலை பிடிப்பதும் வெறுங்கால் பிடிப்பதும் ஒன்றுதானா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் நம்ப முடியாது. அதற்கு யாராவது கடைசியாகச் சில நாட்கள் காலை நீட்டித்தான் ஆக வேண்டும். அண்ணன் காற்சட்டையைச் சுருட்ட ஆரம்பித்தார். நான் வாய் திறப்பதற்குள் டாக்டர் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து ஷூவையும் காலுறையையும் கழற்றினார். இந்த வெயிலையே பார்க்காத வெளுத்த கால்கள்.

"நீங்கள் வலைக்குள் போய்ப் படுங்கள்" என்றார் அண்ணனிடம். "இன்று முதல் இது என் வேலை."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கிரியோலில் சொன்னேன். அவர் டாக்டர் அருகில் மண்டியிட்டு, குழாயை எந்தக் கோணத்தில் கவிழ்த்தால் கொசு தப்பாது என்று காட்டிக்கொடுத்தார். பிறகுதான் வலைக்குள் போனார்.

முதலில் வலையில் குறைவாகத்தான் விழுந்தது. அடி இடைவெளி அதிகம், வந்தது திரும்பிப் போய்விடுகிறது என்று கண்டோம். விளிம்பை இறக்கித் தைத்தோம். ஏற்றித் தைத்தோம். மறுபடி கொஞ்சம் இறக்கினோம். அந்த வருஷம் நான் கொசுவைவிட அதிகமாகத் தையலைத்தான் பிரித்தேன். கடைசியில் ஒரு காலை, டாக்டரின் காலுக்கு வந்த இனமெல்லாம் வலையிலும் இருந்தது. எண்ணிக்கையில் சற்றுக் குறைவுதான். "போதும்" என்றார் டாக்டர், கணுக்காலைச் சொறிந்துகொண்டே. தீவின் தென்கிழக்கே பிளேன் மாக்னியன் பக்கத்துக் கிராமங்களுக்கும் அதே போல் வலைகள் தைத்து அனுப்பினோம். கொசு பிடிப்பவர்கள் யாரும் வேலையை இழக்கவில்லை. வலை கட்டவும், காத்துப் படுக்கவும், விடிந்ததும் பிடிக்கவும் ஆள் வேண்டுமே. அண்ணனை அதற்கெல்லாம் மேஸ்திரி ஆக்கினார்கள்.

அந்தத் தைப்பூசத்துக்கு அவர் காவடி எடுத்தார். ஆஸ்பத்திரியில் அவர் நினைவில்லாமல் கிடந்தபோது அவர் மனைவி வேண்டிக்கொண்டதாம். தெரு நெடுக வாசல்களில் மஞ்சள் தண்ணீர்க் குடங்களோடு பெண்கள் காத்திருந்தார்கள். அவள் என் கையில் ஒரு செம்பைக் கொடுத்து, "நீயும் ஊத்து" என்றாள். அவர் நாங்கள் நின்ற வாசலுக்கு நேரே வந்து நின்றார். நாக்கில் வேல், கண்கள் எங்கோ. நான் குனிந்து அந்தக் கால்களுக்குத் தண்ணீர் விட்டேன். முழங்கால்வரை பழைய வடுக்கள் இருந்தன. புதிதாக ஒன்றுகூட இல்லை. செம்பு காலியான பிறகும் நிமிர எனக்குச் சற்று நேரம் ஆயிற்று.

மாலையில் வாழையிலை போட்டு ஏழு கறியோடு சாப்பாடு. டாக்டரும் தரையில் சம்மணம் கூட்டத் தெரியாமல் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். என் கணவர் அவருக்கு ரசத்தை எப்படிக் கையால் அள்ளுவது என்று பாடம் நடத்தினார். அண்ணன் நாக்கு வலியோடு கஞ்சி மட்டும் குடித்தார்.

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வார்த்தை மேடைப் பேச்சுக்கு உரியது. உள்ளே எவ்வளவு இருந்தாலும் தமிழில் அது என் வாயில் வராது. ஆனால் இந்தத் தீவில் கடைக்காரர், பஸ் கண்டக்டர், குழந்தைகள் எல்லோரும் மூச்சு விடுகிற மாதிரி மெர்சி சொல்வார்கள். புறப்படும்போது வாசலில் நின்று, அண்ணனிடமும் அவர் மனைவியிடமும் அதைச் சொன்னேன். எனக்குக் கிரியோல் கற்றுக்கொடுத்ததற்கு, மாட்டைக் கொடுத்ததற்கு, பிழைத்து வந்ததற்கு. இத்தனையும் சொல்லவில்லை. "மெர்சி" என்று மட்டும்.

அவர் வீங்கிய நாக்கோடு, தமிழில், பிரெஞ்சு மாதிரி தொண்டையில் ரகரத்தை உருட்டி, "பரவாயில்ல, தங்கச்சி" என்றார். அதுவரை நான் அவருக்கு மதாம்.

அதன்பின் தீவு சுதந்திரம் அடையும் வருஷம்வரை நான் அதே மேஜையில் இருந்தேன். டாக்டர் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். காய்ச்சல் வார்டுகளில் கட்டில்கள் காலியாகி, பிறகு அந்த வார்டுகளே வேறு வேலைக்கு மாறின. என் இரண்டு பிள்ளைகளும் மலேரியா என்னவென்று தெரியாமல் வளர்ந்தார்கள். விடுமுறைகளில் அவர்கள் ஓடுவது ரோஷ் புவாவுக்குத்தான். அங்கே அண்ணன் மகளான அந்த அக்காவிடம் தையல் மிஷினை மிதிக்கக் கற்றுக்கொண்டு, பேச்சில் பாதிக் கிரியோலைக் கலந்துகொண்டு வருவார்கள். கணவர் தமிழ் வாத்தியாராயிற்றே, திருத்திக்கொண்டே இருப்பார். நான் திருத்தியதில்லை.